ஐந்தடி பத்தரை அங்குலம்

பெட்டி இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி அடிப்பவன் அவன். கண்ணாடி அலமாரி, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, பியானோ, ஒருமுறை பாடம் செய்து வைத்த கரடிகூட. எதுவாக இருந்தாலும், ஊர்விட்டு ஊர் போகவேண்டுமென்றால் அதன் உடம்புக்கு ஏற்ற மரப்பெட்டி செய்து, உள்ளே ஃபோம் ஒட்டி, மூடியை ஸ்க்ரூ வைத்து முடுக்கி அனுப்புவதுதான் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவன் பெட்டிக்காரன். வேறு எதில் குறை சொன்னாலும் அளவில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று முறை டேப்பைப் பிடிப்பான், மூன்று முறையும் பலகையில் எழுதுவான், மூன்றும் ஒத்துப்போனால்தான் ரம்பத்தில் கை வைப்பான். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் எழுதினான், ஐந்தடி ஆறு அங்குலம் என்று. வியாழக்கிழமை பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அக்கா செய்த சிலை மேல்பலகையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்கிறது.

"நீ இதுல ஏதாவது சேர்த்தியா?" என்று கேட்டான்.

"கையே வைக்கலை."

"பின்ன எப்படி ரெண்டு அங்குலம் ஏறும்?"

"உனக்குக் கண்ணு போயிடுச்சு. அளக்கத் தெரியலைன்னா வாயைத் திறந்து சொல்லு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அக்காவின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து வருடக்கணக்காகிறது. ஏழு வருடம் பேசாமலே இருந்தவள், போன மாதம் தானாகப் போன் செய்து, வெளியூர்க் காட்சிக்கூடத்துக்குச் சிலை போகிறது, பெட்டி வேண்டும் என்றாள். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆனாலும் அவன் ஓடிவந்தான். இந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்துவிட்டால் அவள் மறுபடி தம்பி என்று கூப்பிடுவாள் என்ற நப்பாசை. நாற்பத்து மூன்று வயதில் ஒருவனுக்கு இப்படியொரு ஆசை இருப்பது வெட்கக்கேடுதான், என்ன செய்வது.

அவள் இருந்தது ஒரு பழைய தையல் தொழிற்சாலையில். கீழே நீளமான கூடம், மேலே அவள் படுத்துக்கொள்ளும் அறை. கூடத்தில் மிஷின் எண்ணெயும் நனைந்து காய்ந்த துணியும் கலந்த வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல்களின் பாதிவரை வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்ததால் நடுப்பகலிலும் வெளிச்சம் உள்ளே வந்து தயங்கி நிற்கும். சங்கிலியில் தொங்கிய குழல் விளக்குகள் வண்டி ஏதும் போகாதபோதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், அவற்றின் நிழலும் தரையில் ஒரு சாண் போய்ப் போய்த் திரும்பும். குடைக்கம்பியும் கத்தரிக்கோலும் சேர்ந்த ஒரு பறவை, கெட்டிலும் ஜிப்புகளும் சேர்ந்த ஒரு நாய், கதவுக் கைப்பிடிகளால் ஆன ஒரு குழந்தை என்று அவள் செய்தவை சுவரோரம் நின்றன. எல்லாம் சுவரைப் பார்த்தபடி.

"ஏன் எல்லாத்தையும் திருப்பி வச்சிருக்கே?"

"நான் வைக்கலை. காலையில வந்து பார்த்தா அப்படித்தான் நிக்குதுங்க." அதை அவள் சொன்ன விதம், பால்காரன் இன்னும் வரவில்லை என்பதைப்போல இருந்தது.

அவள் வேலை செய்யும் முறையும் விசித்திரம். வாரம் ஒருநாள் காயலான் கடைக்குப் போவாள். குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விடுவாள். எந்தப் பொருளில் கை தானாக நிற்கிறதோ அதை எடுப்பாள், மற்றதைத் தொடமாட்டாள். யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கவே மாட்டாள். கண் பொய் சொல்லும், கைக்குப் பொய் தெரியாது என்பது அவள் கட்சி. பேப்பரில்கூட இதைப் பற்றிப் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

இந்தச் சிலையை ஒன்றரை வருடமாகச் செய்திருந்தாள். முதுகெலும்புக்கு ஒரு இரும்புக் குழாய். அதைச் சுற்றி நாற்காலிச் சட்டம், ரேடியோவின் முன்பக்கம், பூட்டுகள், மரத்தாலான ஒரு ஜோடிக் காலணி அச்சு, டார்ச் விளக்கு, இன்னும் என்னென்னவோ. ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. இடது தோள் கொஞ்சம் இறக்கம். முகம் என்று ஒன்றும் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சல்லடை. இடுப்பில் ஒரு பித்தளை பெல்ட் பக்கிள், ஒரு மூலையில் வெட்டுப்பட்டது. அதைப் பார்த்ததும் டேப்பை இழுத்த கை பாதியில் நின்றது. உலகத்தில் பக்கிளுக்கா பஞ்சம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, மறுபடி அளந்தான். ஐந்தடி எட்டு. மூன்று முறையும் எட்டு. பலகையில் எழுதிக்கொண்டு பெட்டியை வேனில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லாரி. அவன் காலை எட்டுக்கே வந்துவிட்டான். இந்த முறை பெட்டியை வேனிலிருந்து இறக்குவதற்கு முன்னால், டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அக்கா மேஜையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தாள். இளைத்திருந்தாள். அவன் ஸ்டூலில் ஏறிச் சிலையின் தலைமேல் டேப்பின் நுனியை வைத்து, தரைவரை விட்டு, குனிந்து படித்தான்.

ஐந்தடி பத்தரை.

அடுத்த முறையும் பத்தரை. மூன்றாவது முறை அவன் டேப்பை வைக்கவில்லை. அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். பிழைப்புக்காக எத்தனையோ ஆயிரம் அளவுகள் எழுதி மறந்திருக்கிறான், இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், கட்டிலில் கிடந்த ஒரு உடம்பைத் தலையிலிருந்து குதிகால்வரை அளந்து, அவனே பலகை அறுத்து, அவனே மூடி அடித்த பெட்டி அது. அப்பாவுடையது. உயிரோடு இருந்தவரை அப்பாவின் பக்கத்தில் டேப்பைக் கொண்டுபோகும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

அப்பா எடைக்கல்லும் அளவுகோலும் சரிபார்க்கும் அதிகாரி. கடைக்காரர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். வீட்டில் அவர் சரிபார்த்தது அக்காவை. பாத்திரம் வைத்த சத்தம் அதிகம், சிரித்தது அதிகம், வந்து சேர்ந்த நேரம் ஐந்து நிமிடம் அதிகம். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். தம்பி கதவுக்கு வெளியே நிற்பான். நிற்பான், அவ்வளவுதான். அப்பா செத்த மறுநாள் இருவரும் சேர்ந்து அவருடைய சாமான்கள் அத்தனையையும், எதையும் பிரித்துப் பார்க்காமல், பதினோரு மூட்டையாகக் கட்டிக் காயலான் கடைக்காரனிடம் தள்ளிவிட்டார்கள்.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். சிலையை இப்போதுதான் முதல்முறையாக, துண்டு துண்டாக, பார்த்தான். வலது முன்கை இருக்கும் இடத்தில் ஒரு சிறிய சுத்தியல். எடைக்கல்லில் முத்திரை அடிக்கிற சுத்தியல். அதன் பிடி உடைந்து, நீல நிற ஒயரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கட்டின் முடிவில் ஒயரைத் திரும்ப உள்ளே நுழைத்து இழுத்திருந்தது. பதினோரு வயதில் அவனே போட்ட கட்டு. நன்றாகக் கட்டினால் அப்பா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று போட்டது.

"அக்கா."

"என்ன, இப்பவும் குறையுதா?"

"அக்கா, இது அப்பாவோட சாமான்."

"உளறாதே."

"இந்தச் சுத்தியல். இந்த பக்கிள். இந்த ரேடியோ நம்ம வீட்டு ரேடியோ. உன் கை போய்ப் போய் அவரோட சாமானா எடுத்திருக்கு. ஒன்றரை வருஷமா." டேப்பை அவள் பக்கம் நீட்டிக் காட்டினான். "உயரம்கூட அவர் உயரம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. டீயைக் கீழே வைத்தாள். சட்டைக் கையை மெதுவாகத் தோள்வரை சுருட்டினாள். மேல்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, ஓரத்தில் கறுத்து நடுவில் இன்னும் சிவப்பு. அதன்மேல் இன்னொன்று. பழைய தழும்பு எது, புதியது எது என்று அவனுக்குத் தெரியாதா?

"தூக்கத்துல கட்டில்ல இடிச்சுக்கறேன்னு நினைச்சேன்," என்றாள். "ரெண்டு வாரமா."

இருவரும் சிலையைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்குகள் ஆடுவதை நிறுத்தியிருந்தன.

"உடைச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். மூட்டை மூட்டையா வித்தோம், திரும்பி வந்துடுச்சு. மொத்தமா, மூடி, தூரமா போகட்டும். எனக்கு அது இந்த வீட்டை விட்டுப் போனாப் போதும்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "பெட்டியைச் சரி பண்ணுடா தம்பி."

தம்பி என்றாள். அதைக் கேட்டு மகிழக்கூட அவனுக்கு நேரமில்லை. முற்றத்தில் வைத்தே பெட்டியின் மேல்பலகையைக் கழற்றி, ஒட்டுச்சட்டம் அடித்து, உயர்த்தினான். இனி வளராது. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஐந்தடி பத்தரை, மேலே ஃபோமுக்கு இரண்டு விரல். மணி ஒன்றே முக்காலுக்குப் பெட்டி கூடத்துக்குள் நின்றது, முன்பக்க மூடி திறந்தபடி. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நான் கம்பளியில சுத்தி வைக்கறேன்," என்றாள் அக்கா. "நீ போய் லாரியை உள்ள விடு. தூக்கறதுக்கு நீ வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"தனியாவா?"

"பட்டப்பகல்டா. போ." பிறகு, அவன் வாசலைத் தாண்டும்போது சொன்னாள்: "இந்தத் தடவையும் வெளியிலயே நின்னுடாதே. சீக்கிரம் வந்துடு."

சீக்கிரம் வரத்தான் நினைத்தான். லாரி சந்துக்குள் பின்னால் வரும்போது மின்கம்பத்தில் ஒட்டி மாட்டிக்கொண்டது. முன்னால் போ, ஸ்டியரிங்கை ஒடி, இன்னும் ஒடி, நிறுத்து என்று இவன் கத்தினான். லாரிக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இந்தச் சந்துல சைக்கிளே திரும்பாது, என்னை வரச் சொன்னீங்களே!" இருபது நிமிடம் போய்விட்டது.

அவன் கூடத்துக்குள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெட்டிக்குள் அது நின்றது. சாம்பல்நிறக் கம்பளியில் தலைமுதல் அடிவரை சுற்றப்பட்டு, மேலே சணல்கயிறு வரிவரியாக இறுக்கிக் கட்டப்பட்டு, நிமிர்ந்து நின்றது. அக்காவைக் காணவில்லை. மாடியில் குழாய் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கை கழுவுகிறாள், அந்தச் சனியனைத் தொட்ட கையை எத்தனை கழுவினாலும் தகும் என்று நினைத்தான். எழுபது கிலோவை ஒருத்தியாக எப்படித் தூக்கி வைத்தாள் என்ற கேள்வியும் வந்தது. அதைக் கேட்டிருக்கலாம். மாடிக்குப் பதினாறு படிதான். ஆனால் லாரிக்காரன் பின்னாலேயே வந்து நின்று அவசரப்படுத்தினான், பெட்டிக்காரனுக்கும் அதை மூடிவிட்டால் போதும் என்றிருந்தது.

"அக்கா, மூடிடறேன்!" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

தொழில் புத்தி விடவில்லை. விரலை மேலே விட்டுப் பார்த்தான். கம்பளிக்கும் பலகைக்கும் நடுவே சரியாக இரண்டு விரல். கச்சிதம். பக்கவாட்டில் ஃபோமைத் திணிக்கும்போது புறங்கை தோளில் பட்டது. சூடு. ஜன்னல் வெயில் என்று சொல்லிக்கொண்டான். ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது.

மூடியை வைத்து முதல் ஸ்க்ரூவை முடுக்கினான். இரண்டாவது. மூன்றாவதில் உள்ளே ஏதோ அசைந்தது. டிரில்லை நிறுத்திக் காதைத் தீட்டினான். மெதுவான ஒரு உரசல். பிறகு ஒரு தட்டு. பிறகு, வாயைக் கட்டிப்போட்ட ஒருவர் தொண்டைக்குள் இழுக்கும் சத்தம்.

லாரிக்காரனுக்கும் கேட்டது. "என்னண்ணே உள்ள?"

"ஸ்பிரிங் இருக்கு. ஆடும்," என்றான். எட்டு ஸ்க்ரூ போடவேண்டிய மூடிக்கு வெறியோடு பதினாறு போட்டான். ஒவ்வொன்றும் இறங்கும்போது ஒவ்வொரு வசவு. கத்து, நல்லாக் கத்து, இப்ப யார் உள்ளே, யார் வெளியே? அவன் வாழ்க்கையிலேயே அப்பாவை எதிர்த்து அவன் செய்த ஒரே காரியம் அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

லாரி சந்தைத் தாண்டி மறைந்ததும் படியேறினான். "போயிடுச்சுக்கா!"

குழாய் திறந்திருந்தது. வாளி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். அறையில் யாருமில்லை. கட்டிலின் விரிப்பு கலையவில்லை. குழாயை மூடினான். வீடு சுத்தமாக அமைதியானது.

"அக்கா?"

கீழே வந்தான். கூடத்தின் கடைசியில், பெட்டி மறைத்திருந்த பக்கத்தில், பழைய தையல் மேஜை ஒன்று. பெட்டி இல்லாததால் இப்போது தெரிந்தது. மேஜைமேல் சாமான்கள். வரிசையாக. சல்லடை. அதன் கீழே ரேடியோ முகப்பு. நாற்காலிச் சட்டம். பூட்டுகள். சுத்தியல், நீல ஒயர்க் கட்டோடு. பக்கிள். டார்ச். காலணி அச்சு இரண்டும், ஜோடியாக. பக்கத்தில் நீளமாக அந்த இரும்புக் குழாய். எதுவும் உடையவில்லை. ஒருவர் நிதானமாகத் தன் உடைகளைக் கழற்றி வைத்த மாதிரி, மேலிருந்து கீழாக, ஒழுங்காக.

மேஜையின் கீழே அக்காவின் செருப்பு. அக்காவின் மூக்குக்கண்ணாடி.

சுவரோரம் நின்ற பறவையும் நாயும் குழந்தையும் இப்போது கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

வேனை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்குத் தெரியாது. லாரிக்காரனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தான், நல்ல பிள்ளை. மறுபடி போட்டான். மறுபடி. நெடுஞ்சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் அவனைத் திட்டிக்கொண்டே போனது.

அவனிடம் ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அதைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓட்டினான். அக்கா ஐந்தடி இரண்டு. பெட்டிக்குள் நின்றது ஐந்தடி பத்தரை. இரண்டு விரல் இடைவெளி, தானே விட்டுப் பார்த்தது. எட்டரை அங்குல வித்தியாசம். சுற்றி வைத்தது அக்காவாக இருந்தால் தலைக்குமேல் ஒரு சாண் வெற்றிடம் இருந்திருக்கும். இல்லை. அதனால் அக்கா இல்லை. அளவு தப்பாது. அக்கா எங்கேயோ பயந்து ஓடியிருக்கிறாள். ஓடட்டும். அளவு தப்பாது. அளவு தப்பாது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையின் நடுவில் லாரி.

"அண்ணே, நீங்க எங்கே இங்கே?" லாரிக்காரன் கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "நல்லவேளை வந்தீங்க. அரைமணி நேரமா உள்ள இருந்து சத்தமே இல்லை. அதுவரைக்கும் ஒரே தட்டு. என்னால கேக்க முடியலை, ரேடியோவைப் பெருசா வச்சுட்டேன்."

அவன் லாரியின் பின்னால் ஏறினான். பதினாறு ஸ்க்ரூ. டிரில்லில் சார்ஜ் தீர்ந்துகொண்டு வந்தது. பத்தாவதோடு நின்றுபோனது. மீதி ஆறையும் திருப்புளியால் கழற்றினான். உள்ளங்கை கிழிந்தது. தூரத்தில் ரயில் வருவது தண்டவாளத்தில் கேட்டது.

மூடி விழுந்தது.

கம்பளி. கயிறு. அப்படியே. நிமிர்ந்து.

தலைப்பக்கம் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. மண்டியிட்டுக் கீழிருந்து கயிற்றை அறுத்தான். கம்பளி விலகியது.

பாதம். வெறும் பாதம். வெடித்த குதிகால், கட்டைவிரலில் பெயின்ட் கறை. அக்காவின் பாதம். பலகையில் பதிந்து, முழுசாகப் பதிந்து நின்றது. கீழே கட்டை இல்லை. ஸ்டூல் இல்லை. எதுவும் இல்லை.

"அக்கா! அக்கா, நான்தான், இதோ, இதோ ஆச்சு!"

அறுத்தான். கணுக்கால். சூடாக இருந்தது, உயிர் இருக்கிறது, கடவுளே, உயிர் இருக்கிறது. அறுத்தான். கெண்டைக்கால். இன்னும் கெண்டைக்கால். முழங்கால் எங்கே? மேலே. இன்னும் மேலே. இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவன் எழுந்தான். இடுப்பு. அவள் சட்டை, இடுப்புக்கு எட்டாமல் ஏறிப்போயிருந்தது. கை. அதே மேல்கை. பட்டைகள் இரண்டும் நீண்டிருந்தன.

ரயில் வந்துவிட்டது. லாரி அதிர்ந்தது. லாரிக்காரன் கீழேயிருந்து ஏதோ கத்தினான், கேட்கவில்லை.

கடைசிக் கயிறு. கம்பளி தானாக நழுவி விழுந்தது.

நரை விழுந்த முடி. அக்காவின் நெற்றி. அக்காவின் மூக்கு. இடது தோள் கொஞ்சம் இறக்கம். அவன் வளர்ந்து ஆளான பிறகு அவன் காதுக்கு மேலே எட்டியதே இல்லை அவள்; இப்போது, இமை மூடியிருந்த அவள் முகத்தைத் தேடி அவன் கண்கள் மேலே, மேலே போயின.

இமைகள் திறந்தன.

அக்கா அவனைக் குனிந்து பார்த்தாள்.